வீட்டுக் கணிப்பொறியும் போலிக் காவலரும்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் சங்கத்தின் வழக்கம். அவற்றிற்கு இடையே, வீட்டுக் கணிப்பொறியைப் பற்றியும் அதன் வழியே நடைபெறும் ஒரு வகை மோசடியைப் பற்றியும் சில சொற்கள் கூறுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். யாம் கணிப்பொறி வல்லுநர் அல்லேம். இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் அப்பொறியின் முன் அமர்ந்து எழுத்தர் பணி புரிவதால் உண்டான பழக்கமும், படித்தும் கேட்டும் அறிந்த செய்திகளுமே எமக்குள்ள தகுதி. ஆதலின் வல்லுநர் மொழியில் அன்றி, குடும்பத்தார் குடும்பத்தாரிடம் பேசும் முறையிலேயே பேச விரும்புகின்றோம்.

நாம் குடியிருக்கும் இத்தீவின் பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொணர்ந்து வைத்த மண்ணால் இந்நிலம் உருவாயிற்று என்றும், அதனாலேயே வைப்பு என்னும் பெயர் பெற்றது என்றும் கூறுவர். அவ்வாண்டை முதலாகக் கொண்டு புதுவைப்பு என்னும் ஓர் ஆண்டுக் கணக்கும் கொச்சியில் வழங்கியதுண்டு. தமிழில் வைப்பு என்றால் சேமித்து வைத்த பொருள் என்றும் பொருள்படும். ஊரைவிட்டு வந்து, வாடகை வீட்டில் குடியிருந்து, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த சேம வைப்பு நிதியும் ஓய்வூதியமும் இன்று நம் குடியிருப்பின் முதியோர் பலருக்குள்ள ஒரே வைப்பு. யாம் பேச வந்த மோசடி குறிவைப்பது அந்த வைப்பையே.

நம்மவர் இல்லங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றனர். வயது முதிர்ந்த பெற்றோர் இருவர் மட்டும் இங்கே இருக்கின்றனர். பேரக் குழந்தைகளின் முகம் பார்க்கவும், மின்சாரக் கட்டணம் செலுத்தவும், ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று அறியவும் பிள்ளைகள் ஒரு கணிப்பொறியை வாங்கி வைத்துச் சென்றுள்ளனர். அதனால் விளையும் நன்மை பெரிது. ஆயினும் அதே வழியில் அழையா விருந்தினரும் நுழைகின்றனர்.

கணிப்பொறியைக் கெடுக்கும் தீய நிரல்களைப் பொதுவாக வைரஸ் என்றும், அவற்றைக் கண்டறிந்து நீக்கும் காவல் நிரலை ஆன்டிவைரஸ் என்றும் வழங்குகிறோம். அக்காவல் நிரலைப்போல் வேடம் பூண்டு, இல்லாத நோயை உண்டென்று கூறி, செய்யாத மருத்துவத்திற்குப் பணம் பறிப்பதே போலி ஆன்டிவைரஸ் மோசடி. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நம் முன்னோர் கூறுவர். இங்கோ, மேய வந்த மாடே வேலி வேடம் பூண்டு நிற்கின்றது.

அது நிகழும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். பெரியவர் ஒருவர் மாலைப்பொழுதில் பழைய பாடலொன்றைக் கேட்க விரும்பி, இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கிறார். திடீரெனத் திரை முழுவதும் எச்சரிக்கை தோன்றுகிறது. அபாயச் சங்கு ஒலிக்கிறது. "உங்கள் கணிப்பொறியில் வைரஸ் புகுந்துவிட்டது, உங்கள் வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன, பொறியை நிறுத்தாதீர்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்ற அறிவிப்பு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சின்னத்தோடு நிற்கிறது. எதை அழுத்தினாலும் திரை மாறுவதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அன்றோ? பெரியவரின் கை தொலைபேசியை நாடுகிறது.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். இணையப் பக்கம் ஒன்று நம் பொறியின் உள்ளே புகுந்து கோப்புகளைச் சோதித்து, இத்தனை வைரஸ் உண்டு என்று எண்ணிச் சொல்ல இயலாது. அந்த எண்ணிக்கை முன்னரே எழுதி வைக்கப்பட்டது. ஓடுவதுபோல் தோன்றும் சோதனை வெறும் அசையும் படம். சுவரில் ஒட்டிய விளம்பரத்தாள் நம் நாடி பிடித்துப் பார்க்க இயலுமா? இயலாதெனின், இதுவும் இயலாது. மேலும், தன் எச்சரிக்கை அறிவிப்புகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே அறிவித்துள்ளது. ஆதலின் எண்ணைக் காட்டி அழைக்கச் சொல்லும் எச்சரிக்கை எதுவாயினும் அது போலி என்று ஐயமின்றிக் கொள்ளலாம்.

அழைத்தவுடன் மறுமுனையில் இனிய குரல் ஒன்று பேசுகிறது. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற நிரல் ஒன்றை நிறுவச் சொல்கிறது. இவை நேர்மையான நிரல்களே; தொலைவிலிருந்து பொறியைப் பழுதுபார்க்க அலுவலகங்களில் பயன்படுவன. ஆனால் முன்பின் அறியாதவனுக்கு இவ்வழியைத் திறந்துவிடுதல் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். உள்ளே வந்தவன், விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்னும் குறிப்பேட்டைத் திறந்து காட்டுகிறான். நலமாக இயங்கும் பொறியிலும் அக்குறிப்பேட்டில் சிறு பிழைகள் பல பதிவாகியிருப்பது இயல்பு. அவற்றையே நோயின் அறிகுறி என்று காட்டிக் கட்டணம் கேட்கிறான். சிலர் அத்துடன் நில்லாது, பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி வங்கிப் பக்கத்தைத் திறக்கச் செய்து, திரையில் தெரியும் தொகையை மட்டும் மாற்றிக் காட்டி, "தவறுதலாக மிகுதியாக அனுப்பிவிட்டோம், மிகுதியைத் திருப்பித் தாருங்கள்" என்று கெஞ்சுவதும் உண்டு. கணக்கில் ஒரு காசும் வந்திராது. போவது நம் பணமே.

இது நேற்று முளைத்த சூது அன்று. உக்ரைன் நாட்டின் கீவ் நகரில் அலுவலகம் வைத்து நடந்த இன்னவேட்டிவ் மார்க்கெட்டிங் என்னும் நிறுவனம் வின்ஃபிக்ஸர், வின்ஆன்டிவைரஸ், டிரைவ்கிளீனர் முதலிய பல பெயர்களில் போலிக் காவல் நிரல்களை விற்றது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2008ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்மீது வழக்குத் தொடுத்தபோது, ஏமாந்தோர் தொகை 10 லட்சத்திற்கு மேல் என்று கூறிற்று. 2012ஆம் ஆண்டில் அவ்வழக்கில் நீதிமன்றம் விதித்த தொகை 16 கோடியே 30 லட்சம் டாலர்.

நற்பெயர் பெற்ற பக்கங்களை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அதற்கும் ஒரு விடை உண்டு. 2010ஆம் ஆண்டில் லாட்வியா நாட்டைச் சேர்ந்த ஒரு கூட்டம், விடுதி நிறுவனம் ஒன்றின் விளம்பர முகவர்போல் நடித்து, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து ஸ்டார் டிரிப்யூன் நாளிதழின் இணையப் பக்கத்தில் விளம்பரம் கொடுத்தது. தொடக்கத்தில் நல்ல விளம்பரமாயிருந்ததைப் பின்னர் நஞ்சாக மாற்றியது. செய்தி படிக்க வந்தோரின் பொறிகள் முடங்க, அவற்றைச் சீராக்கப் போலி ஆன்டிவைரஸ் வாங்குமாறு அறிவிப்புத் தோன்றியது. இதனை நடத்தியவர்களுள் ஒருவருக்கு 2018ஆம் ஆண்டில் 33 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நாளிதழ் நேர்மையானதே. ஆயினும் அதன் சுவரில் திருடன் சுவரொட்டி ஒட்டிச் சென்றான்.

கண்முன் கடை வைத்திருப்பவர் ஏமாற்றமாட்டார் என்று எண்ணுவோரும் உளர். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்னும் பெருங்கடையில் கணிப்பொறிக்கு இலவச உடல்நலச் சோதனை செய்தனர். பொறி மெதுவாக ஓடுகிறதா என்பன போன்ற நான்கு கேள்விகளுள் ஒன்றிற்கு வாடிக்கையாளர் ஆம் என்று கூறினாலே, தீய நிரலின் அறிகுறி உண்டு என்று சோதனை அறிவித்துவிடும் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019ஆம் ஆண்டு மார்ச்சில் அக்கடையும் அந்நிரலை அளித்த நிறுவனமும் சேர்ந்து 3 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டன. கைப்பேசியும் இதற்கு விலக்கன்று. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் கூகுள் பிளேயில் வைரஸ் ஷீல்டு என்னும் செயலி ஏறத்தாழ 4 டாலருக்கு விற்றது. பல்லாயிரவர் வாங்கினர். தொட்டால் ஒரு கேடயத்தின் படம் மாறும். வேறொரு வேலையும் அது செய்யவில்லை. கூகுள் பின்னர் அதனை நீக்கி, வாங்கியோர்க்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2012ஆம் ஆண்டு அக்டோபரில் அதே ஆணையம் தொடுத்த ஆறு வழக்குகளில் பெரும்பாலானவை நம் நாட்டிலிருந்து நடந்த தொலைபேசி நிலையங்களைப் பற்றியவை. மைக்ரோசாப்ட், டெல், நார்ட்டன் முதலிய நிறுவனங்களின் பெயரைச் சொல்லி, ஒருவரிடம் 49 டாலர் முதல் 450 டாலர் வரை பறித்தனர் என்பது புகார். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் நம் மத்தியப் புலனாய்வுத் துறை ஆபரேஷன் சக்ரா-2 என்னும் பெயரில் 76 இடங்களில் சோதனையிட்டது. மைக்ரோசாப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகாரின் பேரில், தொழில்நுட்ப உதவி என்ற பெயரால் வெளிநாட்டாரை ஏமாற்றிய நிலையங்களும் அவற்றுள் அடங்கும். நல்ல வேலை என்று நம்பி அத்தகைய இடத்தில் சேரும் இளைஞரும் இருக்கக்கூடும். எங்கோ ஒரு நாட்டில் தனித்திருக்கும் மூதாட்டியை அச்சுறுத்திப் பெறும் சம்பளம் நம் வீட்டிற்கு வேண்டா என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி வைத்தல் நன்று.

அவ்வாறெனின் உண்மையான வைரஸ் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் வான்னாகிரை என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயத் தொகை கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பல தடுமாறின. நம் கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகங்கள் சிலவும், எம் துறையைச் சேர்ந்த பாலக்காட்டுக் கோட்ட அலுவலகத்தின் கணிப்பொறிகள் சிலவும் அதற்கு இரையாயின. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்னரே, மார்ச்சு மாதத்திலேயே, விலையின்றி வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றிக்கொண்ட பொறிகள் அவ்வோட்டை வழியே தாக்கப்படவில்லை. மெய்யான காவல் அத்தகையது. சங்கு ஊதாமல், தொலைபேசி எண் காட்டாமல், அமைதியாக வந்து தன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

இனி, நாம் செய்யத் தக்கவை யாவை என்று பார்ப்போம்.

முதலாவது, திரையில் அச்சுறுத்தல் தோன்றினால் அழைக்கலாகாது, எதையும் அழுத்தலாகாது. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் திரை முழுதும் நிறைந்த பக்கம் பெரும்பாலும் சுருங்கும்; பின்னர் அதை மூடிவிடலாம். அதற்கும் அசையாவிடில், ஆற்றல் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பொறியையே அணைத்துவிடுங்கள். "நிறுத்தாதே" என்று அவன் கூறுவது, நிறுத்தினால் அவன் நாடகம் முடிந்துவிடும் என்பதனாலேயே. மீண்டும் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டா என்று விடை கொடுங்கள்.

இரண்டாவது, காவல் நிரலைத் தேடி ஓட வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு மைக்ரோசாப்டின் காவல் நிரல் விண்டோஸுடனேயே வருகின்றது. அதற்குத் தனி விலை இல்லை. வேறொன்று வாங்க விரும்பினால், அந்நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலிருந்தே வாங்குங்கள். விளம்பரத்தின் வழியே வேண்டா. தீய நிரலை நீக்கும் இலவசக் கருவிகளை நம் அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் அளித்து வருகிறது.

மூன்றாவது, புதுப்பித்தல்களை ஏற்க வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. உங்கள் பொறியில் உள்ளது எது என்று பிள்ளைகளைக் கொண்டு பார்த்து, ஆவன செய்துகொள்ளுங்கள்.

நான்காவது, ஏதேனும் ஒரு பக்கம் அறிவிப்புகள் அனுப்ப அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். அறியாமல் அனுமதித்த பின், திரையின் மூலையில் வைரஸ் எச்சரிக்கை அடிக்கடி தோன்றுவதைப் பலர் நோய் என்றே எண்ணி அஞ்சுகின்றனர். உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புகள் என்னும் பகுதிக்குச் சென்று அப்பக்கத்தின் அனுமதியை நீக்கினால் அது நின்றுவிடும்.

ஐந்தாவது, குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் தனியாக ஒரு வட்டில் படியெடுத்து, பொறியினின்று பிரித்து வைத்திருங்கள். மெய்யாகவே தீங்கு நேர்ந்தாலும் இழப்பு சிறிதாகும்.

இத்தனையும் நினைவில் நில்லாது போயின், ஒன்று மட்டும் நிற்கட்டும். இரயில் ஓட்டுநர் சிவப்பு விளக்கைக் கண்டால் வண்டியை நிறுத்துவார். தண்டவாள ஓரத்தில் நிற்கும் யாரோ ஒருவன் கை காட்டினான் என்று வண்டியை நகர்த்தமாட்டார். உரியவரிடமிருந்து உரிய அனுமதி கிடைத்த பின்னரே புறப்படுவார். திரை சிவந்தால் நாமும் நிற்போம். யாரிடம் கேட்பது என்பதை நாம் முடிவு செய்வோம். திரை காட்டும் எண் முடிவு செய்ய வேண்டா.

2004ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படுமுன், எர்ணாகுளத்தில் ஒரு காரியம் என்றால் வைப்பின் மக்கள் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அது தொல்லைதான். எனினும் அந்தக் காத்திருப்பில் பக்கத்தில் நிற்பவரிடம் இரண்டு வார்த்தை பேசலாம். செய்யப்போகும் காரியத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். இன்று வாழ்நாள் சேமிப்பும் ஒரு விரல் தொடுதலில் கடல் கடந்து போகிறது. "உடனே, உடனே" என்று மோசடிக்காரன் அவசரப்படுத்துவது, நாம் இன்னொருவரிடம் பேசிவிடுவோமோ என்னும் அச்சத்தினாலேயே. ஆதலின் அந்தப் படகுத்துறைக் காத்திருப்பை நாமே மீண்டும் ஏற்படுத்திக்கொள்வோம். அறியாதவர் கேட்கும் பணம் எதுவாயினும், குடும்பத்தில் ஒருவரிடம் கூறாமல் அனுப்புவதில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கம் வைப்போம். பதறாத காரியம் சிதறாது.

இவ்வளவு கவனமாயிருந்தும் ஒருவர் ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? உடனே இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்ட எண்ணுக்கு வேறு தொலைபேசியிலிருந்து அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பின்னர் 1930 என்னும் தேசிய எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். பணம் கைமாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்துவதற்கென்றே அமைந்த ஏற்பாடு அது. ஆதலின் ஒவ்வொரு மணி நேரமும் அரியது. கடவுச்சொற்களை வேறொரு பொறியிலிருந்து மாற்ற வேண்டும். அவன் நிறுவிய நிரலை நீக்கும்வரை அப்பொறியில் வங்கிக் கணக்கைத் திறக்கலாகாது. திரையில் தோன்றியதைக் கைப்பேசியால் படம் எடுத்து வைத்தால் புகாருக்கு உதவும். 2017ஆம் ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில், வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாயினும், அவர் வங்கிக்கு அறிவித்த பின்னர் ஏற்படும் இழப்பு வங்கியைச் சாரும் என்று கூறப்பட்டது. விரைந்து அறிவித்தலின் பயனை இதனால் உணரலாம்.

ஆனால் அந்த விரைவைக் கெடுப்பது எது என்று சிந்தித்தால், அது நம் வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. ஏமாந்த பெரியவர் வெளியே கூற வெட்குகிறார். மகன் கடிந்துகொள்வான், மருமகள் சிரிப்பாள், இனிக் கணிப்பொறியைத் தொடவிடமாட்டார்கள் என்று அஞ்சி, ஓரிரு நாள் மனத்துக்குள் வைத்து மறுகுகிறார். அந்த ஓரிரு நாளில் பணம் எட்டாத இடத்திற்குப் போய்விடுகிறது. மேலே கூறிய லட்சக்கணக்கானோரில் படித்தவர்களும் இருந்திருப்பார்கள், பதவியில் இருந்தவர்களும் இருந்திருப்பார்கள். அச்சம் பற்றியபோது அறிவு சற்றே ஒதுங்கி நிற்பது மனித இயல்பு. ஆகவே இளைஞர்களே, உங்களிடம் எம் வேண்டுகோள் இதுவே. பெற்றோர் இத்தகைய செய்தியைக் கூறினால், முதற்சொல் கடுஞ்சொல்லாக இராதிருக்கட்டும். "நல்ல வேளை, உடனே சொன்னீர்கள்" என்று தொடங்குங்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அடுத்த முறையும் அவர்கள் வாய் திறப்பார்கள்.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விவரம் அறிந்த இளைஞர் இருவர் சங்கத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்து, முதியோரின் கணிப்பொறியையும் கைப்பேசியையும் பார்த்துக் கொடுக்கலாம். 1930 என்னும் எண்ணையும், ஐயம் கேட்கத் தக்க ஒருவரின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு வீட்டிலும் கணிப்பொறியின் அருகே ஒட்டி வைக்கலாம். திரையில் பொய் எண் தோன்றும் நேரத்தில், அதன் பக்கத்திலேயே மெய் எண் ஒன்று கண்ணிற்படுமாயின் அதுவே பெரிய காவல்.

ஊரைவிட்டு வந்த நாம் ஒருவர்க்கொருவர் துணையாயிருக்கவே இச்சங்கத்தை நிறுவினோம். நோயில் துணையாயிருந்தோம், மணத்திலும் மரணத்திலும் கூடி நின்றோம். திரையின் முன் தனியே அமர்ந்து அஞ்சும் ஒரு முதியவர்க்கும் அவ்வாறே துணை நிற்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!